மூத்த ஆட்டக்காரரை வைத்துக்கொள்ளலாமா, விட்டுவிடலாமா? ஃபேன்டஸி ஃபுட்பால் ஆடுவோருக்குச் சில பயனுள்ள குறிப்புகள்

டல்லாஸ், நியூ ஜெர்சி, பே ஏரியா என்று எங்கே பார்த்தாலும், ஆகஸ்ட் வந்துவிட்டால் நம்மவர்கள் வேலை செய்யும் அலுவலகங்களில் ஃபேன்டஸி ஃபுட்பால் பேச்சுதான். பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து ஒரு லீக் தொடங்குவார்கள். என்.எஃப்.எல். ஆட்டக்காரர்களை டிராஃப்டில் ஆளுக்குச் சிலராகப் பிரித்துக்கொள்வார்கள். ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் அவர்கள் ஓடுகிற யார்டும் போடுகிற டச் டவுனும் நம் கணக்கில் புள்ளிகளாக விழும். ஓட்டத்துக்கும் கேட்சுக்கும் பத்து யார்டுக்கு ஒரு புள்ளி, டச் டவுனுக்கு ஆறு என்பது பரவலான கணக்கு.

ஒரே சீசனில் கலைந்துவிடும் லீகில் தலைவலி குறைவு. வருடா வருடம் தொடரும் கீப்பர் லீகிலும் டைனஸ்டி லீகிலும்தான் இந்தக் கேள்வி நம்மைத் தூங்கவிடாது: இத்தனை வருடம் ஜெயித்துக் கொடுத்த ஆளுக்கு முப்பது வயதாகிவிட்டது, இன்னும் ஒரு வருடம் வைத்துக்கொள்வதா, கைமாற்றிவிடுவதா? வயதைப் பார்த்துப் பயந்து விற்பவரும் இதில் ஏமாறுகிறார், பெயரைப் பார்த்துப் பிடித்து வைத்திருப்பவரும் ஏமாறுகிறார். பார்க்க வேண்டியவை இரண்டு. அந்த ஆட்டக்காரருக்கு அவருடைய அணி இன்னும் எவ்வளவு வேலை கொடுக்கிறது? அந்த வேலை நம் அணிக்கு எந்த வருடம் தேவை? இந்த இரண்டையும் எங்கே, எப்படிப் பார்ப்பது என்பதற்குத்தான் இந்தக் குறிப்புகள்.

1. லீகின் விதிகளை முதலில் எடுத்துப் படியுங்கள்

ஒரே ஆட்டக்காரர் ஒரு லீகில் தங்கமாகவும் இன்னொன்றில் சுமையாகவும் இருப்பார். கீப்பர் லீகில் ஓர் ஆளை வைத்துக்கொள்ள ஒரு டிராஃப்ட் ரவுண்டைக் கொடுக்க வேண்டும். போன வருடம் ஒன்பதாம் ரவுண்டில் எடுத்தவரை இந்த வருடம் எட்டாம் ரவுண்டுக்கு வைத்துக்கொள்ளலாம் என்று விதி இருந்தால், முப்பத்திரண்டு வயது ரிசீவரும் லாபம்தான், பொது டிராஃப்டில் அவர் ஐந்தாம் ரவுண்டில் போகிறவராக இருக்கும்வரை. அதே ஆளுக்கு இரண்டாம் ரவுண்டு கொடுக்க வேண்டும் என்றால் யோசிக்காமல் விட்டுவிடுங்கள். வேண்டுமானால் டிராஃப்டில் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். இப்படிப்பட்ட கீப்பர் லீகில் வயதுக்கு நேரடி விலை இல்லை. கொடுக்கும் ரவுண்டுக்கும் சந்தை ரவுண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் விலை.

டைனஸ்டி லீகில் எல்லோரையும் வைத்துக்கொள்ளலாம் என்பதால் அங்கே வயது பெரிய விஷயம். இனி வரும் குறிப்புகளில் பெரும்பாலானவை டைனஸ்டிக்காரர்களுக்கு.

கேட்சுக்கு ஒரு புள்ளி கொடுக்கும் பி.பி.ஆர். லீகா என்பதையும் பாருங்கள். 2024ல் டெரிக் ஹென்ரி 1,921 யார்டு ஓடினார், ஆனால் பிடித்த கேட்ச் 19தான். இப்படிப்பட்டவர் சாதாரண லீகில் கூடுதல் விலை போவார்.

2. உங்கள் அணி இந்த வருடம் கோப்பைக்கு ஆடுகிறதா என்று நேர்மையாகச் சொல்லுங்கள்

வெற்றி தோல்விப் பட்டியலை வைத்து இதை முடிவு செய்யாதீர்கள். அந்தந்த வாரம் எதிரே யார் வந்தார்கள் என்பதைப் பொறுத்து அது மாறும். மொத்தப் புள்ளிகள் என்ற பத்தியைப் பாருங்கள். அதில் முதல் மூன்று நான்கு இடங்களுக்குள் இருந்தால் உங்கள் அணி கோப்பைக்கானது. அப்படியானால் மூத்தவர்களை வைத்துக்கொள்ளுங்கள், இன்னும் ஒருவரை வாங்கினாலும் தவறில்லை. கடைசி மூன்று இடங்களில் இருந்தால், இருபத்தெட்டு தாண்டிய ரன்னிங் பேக் ஒருவர்கூட உங்களிடம் இருக்கக் கூடாது. அவர் எடுத்துத் தரும் புள்ளிகள் உங்களை ஒன்பதாம் இடத்திலிருந்து ஏழாம் இடத்துக்கு ஏற்றும், அவ்வளவுதான். அதனால் அடுத்த டிராஃப்டில் உங்கள் முறை இன்னும் பின்னால் போகும்.

நடுவில் இருப்பவர்கள்தான் பாவம். ஐந்தாம், ஆறாம் இடத்திலேயே வருடக்கணக்கில் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்கு என் யோசனை: அக்டோபர் கடைசிவரை பாருங்கள், அதற்குள் மேலே ஏறவில்லை என்றால் விற்கத் தொடங்குங்கள்.

3. வயதை ஆடும் இடத்தோடு சேர்த்துப் படியுங்கள்

முப்பது என்பது எல்லோருக்கும் ஒரே முப்பது இல்லை. குவார்ட்டர்பேக்குக்கு அது நடுவயதுகூட இல்லை. டாம் பிரேடி 44 வயதில், 2021 சீசனில், 5,316 யார்டும் 43 டச் டவுனும் எறிந்து இரண்டிலும் லீகில் முதலிடம் பிடித்தார். பெய்டன் மேனிங் 55 டச் டவுன் என்ற சாதனையைச் செய்தது 2013ல், 37 வயதில். பந்தை எறிபவரை அடிப்பதற்கு விதிகளில் கட்டுப்பாடு அதிகம். எதிரணி எப்படி நிற்கிறது என்பதைப் படிக்கும் அறிவோ வயதோடு வளரும். ஆனால் விழும்போது குவார்ட்டர்பேக்கும் ஒரேயடியாக விழுவார். அதே மேனிங் 2015ல் பத்து ஆட்டங்களில் 9 டச் டவுன் எறிந்து 17 இன்டர்செப்ஷன் கொடுத்தார். அந்த வருடம் அவருடைய டென்வர் அணி சூப்பர் பௌல் ஜெயித்தது. அவரை நம்பி ஃபேன்டஸி ஆடியவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

வைட் ரிசீவர்கள் முப்பத்தொன்று, முப்பத்திரண்டு வரை பொதுவாகத் தாங்குவார்கள். வேகத்தை நம்பியவர்கள் முதலில் சரிவார்கள். ஓடும் பாதையைத் துல்லியமாக வெட்டத் தெரிந்தவர்கள், நடுமைதானத்தில் நின்று பிடிக்கத் தெரிந்தவர்கள் நீடிப்பார்கள். லாரி ஃபிட்ஸ்ஜெரால்ட் 2017ல் 34 வயதில் 109 கேட்ச் பிடித்து 1,156 யார்டு எடுத்தார். ஜெர்ரி ரைஸ் 2002ல், நாற்பது வயதானவர், 92 கேட்ச், 1,211 யார்டு. ரைஸை உதாரணம் காட்டி யாராவது உங்களிடம் மூத்த ரிசீவரைத் தள்ளப் பார்த்தால் அசைந்துகொடுக்காதீர்கள். ரைஸ் ஒருவர்தான்.

டைட் எண்ட் மெதுவாகக் காய்த்து மெதுவாக உதிரும் இடம். டோனி கன்சாலஸ் 37 வயதில், தன் கடைசி சீசனான 2013ல், 859 யார்டும் 8 டச் டவுனும் எடுத்தார்.

கிக்கருக்கு வயதே கிடையாது. ஆடம் வினட்டியேரி 46 வயதிலும் உதைத்தார். கிக்கருக்காக யோசிக்கும் நேரத்தை வேறு எதற்காவது வைத்துக்கொள்ளுங்கள்.

4. ரன்னிங் பேக்குக்குப் பிறந்த தேதியைவிடத் தூக்கிய பந்துகளின் கணக்கு முக்கியம்

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். டைனஸ்டி லீகில் பெரிய நஷ்டங்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் வருகின்றன.

ரன்னிங் பேக் பந்தை வாங்கும் ஒவ்வொரு முறையும் நூறு கிலோவைத் தாண்டிய ஆட்கள் அவர் மேல் விழுகிறார்கள். ஒரு சீசனில் முந்நூறு, முந்நூற்றைம்பது முறை. சியாட்டில் அணியின் ஷான் அலெக்ஸாண்டர் 2005ல் 370 முறை பந்தைத் தூக்கி 1,880 யார்டு ஓடினார், மொத்தம் 28 டச் டவுன் போட்டார், எம்.வி.பி. விருது வாங்கினார். அப்போது வயது 28. அடுத்த சீசனில் பாதத்தில் எலும்பு முறிவு, 896 யார்டு. அதற்கடுத்த வருடம் 716. 2008 ஏப்ரலில் அணியே அவரை வெளியே அனுப்பியது. உச்சிக்கும் வாசலுக்கும் நடுவே இரண்டே சீசன்.

கேன்சஸ் சிட்டியின் லாரி ஜான்சன் 2006ல் 416 முறை தூக்கினார். ஒரு சீசனில் அதற்கு மேல் யாரும் தூக்கியதில்லை. அந்த வருடம் 1,789 யார்டு. அடுத்த வருடம் எட்டு ஆட்டங்களில் 559. டாட் கர்லியின் கதை இன்னும் கசப்பானது. 2018ல் 21 டச் டவுன் போட்ட மனிதர், முழங்கால் தேய்ந்து, 26 வயதில் 2020 சீசனோடு ஆட்டத்தையே முடித்துக்கொண்டார். வயதை மட்டும் பார்த்தவர்கள் 'இருபத்தைந்துதானே' என்று கர்லியைப் பிடித்துவைத்திருந்தார்கள்.

370 தடவைக்கு மேல் தூக்கியவர் அடுத்த வருடம் சரிவார் என்று ஒரு நம்பிக்கை பல வருடங்களாகப் பேசப்படுகிறது. அந்த எண்ணில் மந்திரம் எதுவும் இல்லை. கணக்குப் பார்ப்பதற்கு ஒரு எச்சரிக்கைக் கோடாக வைத்துக்கொள்ளுங்கள், போதும். இன்னொன்று, பிளே ஆஃப் ஆட்டங்களையும் சேர்த்து எண்ணுங்கள். 2024ல் சேக்வான் பார்க்லி வழக்கமான சீசனில் 345 முறை தூக்கினார். ஃபிலடெல்ஃபியா சூப்பர் பௌல்வரை போனதால் மேலும் 91. ஃபேன்டஸி கணக்கில் வராத அந்த 91ஐயும் அவர் உடம்பு வாங்கியிருக்கிறது.

விதிவிலக்கு உண்டா? உண்டு. ஹென்ரியே இருக்கிறார். 2020ல் 378 முறை தூக்கி 2,027 யார்டு, மறு வருடம் எட்டாவது ஆட்டத்தில் பாத எலும்பு முறிவு. அதோடு முடிந்தது என்று பலர் விற்றார்கள். 2024ல் முப்பது வயதில் பால்டிமோர் போய் ஒரு தூக்குக்கு 5.9 யார்டு வீதம் ஓடி 16 டச் டவுன் போட்டார். அந்த 5.9க்கு அவருடைய உடம்பு மட்டும் காரணம் இல்லை. பக்கத்தில் நிற்கும் குவார்ட்டர்பேக் லமார் ஜாக்சனே பந்தை எடுத்துக்கொண்டு ஓடிவிடுவாரோ என்ற பயத்தில் எதிரணித் தடுப்பு ஒரு நொடி தயங்கும். அந்த ஒரு நொடி ஹென்ரிக்குப் போதும். விதிவிலக்கைப் பார்க்கும்போது அதன் காரணத்தையும் சேர்த்துப் பாருங்கள். காரணம் தெரியாத விதிவிலக்கை நம்பிப் பணம் கட்ட வேண்டாம்.

5. டச் டவுன் கண்ணை மறைக்கும், யார்டைப் பாருங்கள்

மூத்த ரன்னிங் பேக்கின் சரிவை மறைக்கும் திரை டச் டவுன். கோட்டருகே ஒரு யார்டு, இரண்டு யார்டு முட்டித் தள்ளும் வேலையை அணிகள் பழைய ஆளுக்கே கொடுக்கும். லடேனியன் டாம்லின்சன் 2009ல் 12 டச் டவுன் போட்டார். பார்த்தால் பழைய டாம்லின்சன் மாதிரியே இருக்கும். ஆனால் ஓடியது 730 யார்டு, தூக்குக்கு 3.3. சான் டியாகோ அந்த சீசன் முடிந்ததும் அவரை விட்டது. டல்லாஸின் எசக்கியல் எலியட் 2022ல் 12 டச் டவுன், தூக்குக்கு 3.8 யார்டு. 2023 மார்ச்சில் அவரையும் விட்டார்கள்.

டச் டவுன் நிறைய, யார்டு குறைய. இந்தச் சேர்க்கையை ஒரு மூத்தவரிடம் கண்டால் அந்த வாரமே விற்கப் பாருங்கள். வாங்குபவர் டச் டவுனைத்தான் பார்ப்பார்.

6. செவ்வாய்க்கிழமை தோறும் ஸ்நாப் கணக்கைப் பாருங்கள்

திங்கள் இரவு ஆட்டம் முடிந்துவிடும். செவ்வாய் காலை, அணி ஆடிய ஸ்நாப்களில் உங்கள் ஆள் எத்தனை சதவீதம் களத்தில் இருந்தார் என்ற விவரம் வந்துவிடும். ரன்னிங் பேக் என்றால் அதோடு மூன்றாவது டவுனில் யார் நிற்கிறார் என்று பாருங்கள். ரிசீவர், டைட் எண்ட் என்றால் அவர் பக்கம் எத்தனை பந்து வந்தது என்று பாருங்கள். பிடித்தாரா என்பது அடுத்த விஷயம். புள்ளி குறைவதற்கு முன்பே வேலை குறையும். எழுபத்தைந்து சதவீதம் நின்றவர் அறுபத்தெட்டு, அறுபது என்று மூன்று வாரம் தொடர்ந்து இறங்கினால், பயிற்சியாளர் உங்களுக்கு முன்பே முடிவு எடுத்துவிட்டார்.

டிராவிஸ் கெல்சி விஷயத்தில் வேறு மாதிரி நடந்தது. 2022ல் 110 கேட்ச், 1,338 யார்டு, 12 டச் டவுன். 2024ல் 97 கேட்ச், 823 யார்டு, 3 டச் டவுன். கேட்ச் எண்ணிக்கை பெரிதாகக் குறையவில்லை, வேலை இருந்தது. பிடித்த பிறகு ஓடுகிற தூரம் போய்விட்டது. பி.பி.ஆர். லீகில் இப்படிப்பட்டவரை வாராவாரம் இறக்கும் ஆளாக வைத்துக்கொள்ளலாம். ஆட்டத்தையே மாற்றுபவர் என்ற பழைய விலைக்கு வைத்துக்கொள்ளக் கூடாது.

7. அணி மாறுகிறவரைப் புது ஆளாக நினைத்துப் பாருங்கள்

மார்ச் நடுவில் ஃப்ரீ ஏஜென்சி திறக்கும். பழைய எண்களை அப்படியே புது ஊருக்கு எடுத்துப்போக முடியாது. மினசோட்டாவின் டால்வின் குக் 2022ல் 1,173 யார்டு ஓடியவர். 2023 ஜூனில் அணி விட்டது, ஜெட்ஸ் எடுத்தது. அங்கே ஏற்கெனவே ப்ரீஸ் ஹால் என்ற இளைஞர் இருந்தார். குக் அந்த வருடம் 214 யார்டோடு நின்றார். ஹூலியோ ஜோன்ஸ் அட்லாண்டாவில் ஆயிரம் யார்டுகளைச் சர்வசாதாரணமாக எடுத்தவர், டென்னஸி போன 2021ல் 434 யார்டு. கீனன் ஆலன் 2023ல் பதின்மூன்றே ஆட்டங்களில் 108 கேட்ச், 1,243 யார்டு. சிகாகோவுக்குப் போன 2024ல் 744. அங்கே நல்ல ரிசீவர்கள் வேறு இருந்தார்கள், குவார்ட்டர்பேக்கோ அந்த வருடம்தான் கல்லூரியிலிருந்து வந்தவர்.

எதிர்ப்பக்கமும் உண்டு. ஆடம் தீலன் 32 வயதில் கேரோலினா போனார். அணி மோசம், சொல்லும்படி வேறு ரிசீவர் இல்லை. 2023ல் 103 கேட்ச், 1,014 யார்டு எடுத்தார். எனவே கேட்க வேண்டிய கேள்வி, 'புது அணி நல்ல அணியா?' என்பதல்ல. 'அங்கே இவருடைய வேலையை ஏற்கெனவே யாராவது செய்கிறார்களா?' என்று கேளுங்கள்.

8. ஒப்பந்தத்தில் உத்தரவாதப் பணம் எவ்வளவு என்று பாருங்கள்

பேட்டியில் பயிற்சியாளர் யாரையும் புகழ்வார். பணம் கொடுப்பவர்கள் அப்படிப் பேச மாட்டார்கள். ஹென்ரிக்கு 31 வயதில், 2025 மே மாதம், பால்டிமோர் இரண்டு வருடத்துக்கு 3 கோடி டாலர் என்று ஒப்பந்தத்தை நீட்டித்தது, பெரும்பகுதி உத்தரவாதம். அதைவிடத் தெளிவான செய்தி வேண்டாம். மொத்தத் தொகை பெரிதாகவும் உத்தரவாதம் சிறிதாகவும் இருந்தால், அடுத்த மார்ச்சில் அணி அவரை நஷ்டமில்லாமல் கழற்றிவிடலாம் என்று அர்த்தம்.

ஏப்ரல் கடைசியில் நடக்கும் என்.எஃப்.எல். டிராஃப்டில் அதே அணி முதல் மூன்று ரவுண்டுகளுக்குள் அதே இடத்துக்கு ஆள் எடுத்தால், மூத்தவரின் விலை அன்று இரவே இறங்கிவிடும். விற்க நினைப்பவர்கள் டிராஃப்டுக்கு முன்பே விற்றுவிடுங்கள்.

9. எந்தக் காயம் என்று பாருங்கள்

எலும்பு முறிவு ஆறும். தொடைத்தசை, கெண்டைக்கால் இழுப்பு முப்பதைத் தாண்டியவர்களுக்குத் திரும்பத் திரும்ப வரும். குதிகால் தசைநாண் அறுந்தால் மூத்தவருக்கு ஒரு வருடம் போகும், பழைய வேகம் திரும்புவது அரிது. ஏட்ரியன் பீட்டர்சன் 2011 டிசம்பரில் முழங்கால் ஜவ்வு அறுந்து, அடுத்த சீசனில் 2,097 யார்டு ஓடினார். ஆனால் அப்போது அவருக்கு 27. அதே மனிதருக்கு 31 வயதில் முழங்கால் போனபோது அந்த சீசனில் மூன்று ஆட்டம்தான், 72 யார்டு.

2023 செப்டம்பர் 11 அன்று ஆரோன் ராட்ஜர்ஸ் ஜெட்ஸ் அணிக்காக முதன்முதலாக இறங்கினார். வயது 39. நான்காவது ஸ்நாப்பில் கீழே தள்ளப்பட்டார், எழுந்து நின்றார், திரும்பவும் புல்லில் உட்கார்ந்துவிட்டார். குதிகால் தசைநாண். அந்த சீசன் அத்தோடு சரி. முப்பத்தைந்து தாண்டிய குவார்ட்டர்பேக்கை நம்பியிருந்தால், இரண்டாவது குவார்ட்டர்பேக் ஒருவர் பென்ச்சில் இருந்தே ஆக வேண்டும். இரண்டு குவார்ட்டர்பேக்கை இறக்கும் சூப்பர்ஃப்ளெக்ஸ் லீக் என்றால் மூன்றாவது ஆளும் வேண்டும்.

10. ஓய்வு அறிவிப்பு எப்போது வேண்டுமானாலும் வரும்

2019 ஆகஸ்ட் 24, சனிக்கிழமை இரவு. சீசன் தொடங்க இரண்டு வாரம்கூட இல்லை. இண்டியானாபொலிஸ் அணியின் ஆண்ட்ரூ லக் பயிற்சி ஆட்டத்தில் ஓரக்கோட்டில் நின்றுகொண்டிருக்கும்போதே அவர் ஓய்வு பெறும் செய்தி வெளியாகிவிட்டது. வயது 29. முந்தைய சீசனில் 39 டச் டவுன் எறிந்தவர். அந்த வாரம் டிராஃப்ட் முடித்திருந்த லீகுகளின் நிலைமையைச் சொல்ல வேண்டியதில்லை. கால்வின் ஜான்சன் 2015ல் 1,214 யார்டு எடுத்துவிட்டு மறு மார்ச்சில் முப்பது வயதில் விலகினார். காயங்களால் உடம்பு தேய்ந்தவர்களின் பேட்டிகளைக் கூர்ந்து கேளுங்கள். வலி, குடும்பம், 'இன்னும் முடிவு செய்யவில்லை' என்ற பேச்சு வந்தால் விலையைக் குறைத்தாவது கைமாற்றுங்கள்.

ஓய்வு பெற்ற உடனேயே பட்டியலிலிருந்து நீக்கவும் வேண்டாம். ராப் கிரான்கௌஸ்கி 2019 மார்ச்சில் ஓய்வு பெற்று, ஒரு சீசன் கழித்து 2020ல் டாம்பா பே அணிக்குத் திரும்பி வந்தார். இடம் இருந்தால் ஒரு வருடம் ஓரமாக வைத்திருங்கள்.

11. அக்டோபரில் விற்கவும், ஏப்ரலில் வாங்கவும்

மூத்தவர்களின் விலை மார்ச் முதல் மே வரை அடிமட்டத்தில் இருக்கும். அப்போது எல்லோருக்கும் கல்லூரியிலிருந்து வரும் இளைஞர்கள் மேல்தான் கண். சீசன் தொடங்கிப் புள்ளிகள் விழ விழ விலை ஏறும். டிரேட் கெடு நெருங்கும் நாட்களில் உச்சம். கோப்பைக்கு ஆடுகிறவர் வசந்த காலத்தில் முப்பது வயது ரிசீவர்களை இரண்டாம், மூன்றாம் ரவுண்டு கொடுத்து வாங்கலாம். கலைத்துக் கட்டுகிறவர் அக்டோபர்வரை பொறுத்து விற்கலாம்.

எங்கள் லீகில் இளைய நண்பர் ஒருவர் ஒருமுறை அக்டோபர் கடைசியில் கூப்பிட்டார்.

"அண்ணா, உங்க ஹென்ரிக்கு என்ன கேக்கறீங்க?"

"அடுத்த வருஷ ஃபர்ஸ்ட் ரவுண்டு."

"முப்பது வயசு ஆளுக்கா?"

"ஆமாம்ப்பா. உன் டீம்ல ரெண்டு ரன்னிங் பேக் காயத்துல உட்கார்ந்திருக்காங்க. நீ இப்ப முதல் இடத்துல இருக்க. உனக்கு வேணும்."

கொடுத்தார். அவர் செய்தது சரிதான், நான் செய்ததும் சரிதான். அவருக்கு அந்த வருடம் வேண்டும், எனக்கு அடுத்த வருடம் வேண்டும். மூத்தவரின் விலை அவர் வயதில் மட்டும் இல்லை, எதிரே இருப்பவரின் தேவையில் இருக்கிறது. அதனால் டிரேட் கேட்பதற்கு முன் மற்ற பதினொரு அணிகளின் பட்டியலையும் திறந்து, யாருக்கு எந்த இடத்தில் ஓட்டை என்று குறித்துக்கொள்ளுங்கள். பொது அறிவிப்பாக 'விற்பனைக்கு' என்று போடாதீர்கள், விலை விழும். தேவை உள்ளவரிடம் தனியாகப் பேசுங்கள்.

12. அடுத்த ஆளைச் சேர்த்து வாங்குங்கள்

மூத்த ரன்னிங் பேக்கை வைத்துக்கொள்வதென்று தீர்மானித்தால், அவருடைய அணியில் அவருக்கு அடுத்து நிற்பவரையும் எடுத்துக்கொள்ளுங்கள். கடைசி ரவுண்டில் கிடைப்பார். பென்ச்சில் ஒரு இடம் செலவு. இதைச் செய்ய மனமில்லை என்றால் மூத்தவரையும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

13. இறக்காத மூத்தவருக்குப் பென்ச்சில் இடம் இல்லை

இருபத்திரண்டு வயதுப் பையன் பென்ச்சில் சும்மா இருந்தாலும் விலை ஏற வாய்ப்பு உண்டு. முப்பத்திரண்டு வயது ஆள் சும்மா இருந்தால் ஒவ்வொரு வாரமும் விலை இறங்கும். 'பை வீக்கில் உதவுவார்' என்று நான்கு மூத்தவர்களை அடைத்து வைத்திருப்பவர்கள், நல்ல இளைஞர்கள் வேவரில் வரும்போது யாரையும் நீக்க முடியாமல் திணறுவார்கள். காப்புக்கு ஒருவர் போதும்.

14. மனசுக்குப் பிடித்த ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள்

இந்த ஆட்டத்தை ஆரம்பித்ததே ரசிகர்கள்தான். ஓக்லண்ட் ரெய்டர்ஸ் அணியின் பங்குதாரர்களில் ஒருவரான பில் விங்கன்பாக், 1962ல் நியூயார்க்கில் ஒரு ஓட்டல் அறையில் நண்பர்களோடு உட்கார்ந்து விதிகளை எழுதினார். 1963 ஆகஸ்டில் ஓக்லண்டில் முதல் டிராஃப்ட். அதில் முதல் ஆளாக எடுக்கப்பட்டவர் ஜார்ஜ் பிளாண்டா. 35 வயதுக் குவார்ட்டர்பேக், எறியவும் செய்வார், உதைக்கவும் செய்வார், இரண்டு வழியிலும் புள்ளி. அன்று ஜிம் பிரவுன் என்ற 27 வயது ரன்னிங் பேக் இன்னும் எடுக்கப்படாமல் இருந்தார். அந்த சீசனில் பிரவுன் 1,863 யார்டு ஓடி அதுவரை யாரும் தொடாத எண்ணைத் தொட்டார். இளைஞரை எடுத்திருக்க வேண்டும் என்பது கணக்கு. ஆனால் பிளாண்டா அதற்குப் பிறகும் பன்னிரண்டு வருடம் களத்தில் இருந்து, 48 வயதில்தான் விடைபெற்றார் என்பதும் கணக்கில் சேரும்.

டாம்பா பேயின் மைக் எவன்ஸை வைத்திருந்தவர்களுக்கு 2025 ஜனவரி 5 மறக்காது. அது 2024 வழக்கமான சீசனின் கடைசி ஆட்டம். தொடர்ந்து பதினோராவது வருடமாக ஆயிரம் யார்டு எடுத்து ஜெர்ரி ரைஸின் சாதனையைச் சமன் செய்ய அவருக்கு ஐந்து யார்டு தேவை. டாம்பா பே ஜெயித்தாகிவிட்டது, குவார்ட்டர்பேக் முழங்காலிட்டு ஆட்டத்தை முடித்திருக்கலாம். அவர்கள் முடிக்கவில்லை. பேக்கர் மேஃபீல்ட் பந்தை எவன்ஸ் பக்கம் எறிந்தார், ஒன்பது யார்டு, மொத்தம் 1,004. சக ஆட்டக்காரர்கள் எல்லோரும் மைதானத்துக்குள் ஓடிவந்தார்கள். ஃபேன்டஸி சீசன் அதற்குள் பெரும்பாலான லீகுகளில் முடிந்துவிட்டது, அந்த ஒன்பது யார்டால் அங்கே யாருக்கும் ஒரு புள்ளியும் வரவில்லை. இருந்தும் அவரைப் பல வருடம் தன் பட்டியலில் வைத்திருந்தவர்கள் எழுந்து நின்று கத்தியிருப்பார்கள். அடுத்த சீசனில் காலர் எலும்பு முறிந்து அந்தத் தொடர் நின்றுபோனது.

இப்படி ஒருவரை விலை பார்க்காமல் வைத்துக்கொள்வதில் தவறில்லை என்பது என் உறுதியான எண்ணம். ஒருவரை மட்டும். இரண்டாவது ஆளுக்கு இதே காரணத்தைச் சொல்லத் தொடங்கினால் மேலே உள்ள பதின்மூன்று குறிப்புகளும் வீண்.

15. புதன்கிழமை ஓய்வைப் பார்த்துப் பதறாதீர்கள்

அணிகள் மூத்தவர்களுக்குப் புதன்கிழமைப் பயிற்சியிலிருந்து ஓய்வு கொடுப்பது வழக்கம். காயப் பட்டியலில் பெயருக்குப் பக்கத்தில் 'ஓய்வு' என்றிருந்தால் அது நல்ல செய்தி. வெள்ளிக்கிழமையும் பயிற்சி செய்யவில்லை என்றால்தான் மாற்று ஆளைத் தேட வேண்டும். ஆடாதவர் பட்டியல் ஆட்டத்துக்கு 90 நிமிடம் முன்பு வரும்.

இந்தியாவிலிருந்து ஆடுகிறவர்கள் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அமெரிக்கக் கிழக்கு நேரப்படி ஞாயிறு பிற்பகல் ஒரு மணி ஆட்டம் இங்கே இரவு 10.30க்குத் தொடங்கும், அப்படியானால் பட்டியல் 9 மணிக்கு. நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை அமெரிக்காவில் கடிகாரத்தை மாற்றிய பிறகு ஆட்டம் 11.30க்கு, பட்டியல் 10 மணிக்கு. வியாழன் இரவு ஆட்டம் இங்கே வெள்ளி அதிகாலை என்பதால், அதில் ஆடும் மூத்தவரை இறக்குவதா வேண்டாமா என்பதை வியாழன் இரவு படுக்கும் முன்பே முடிவு செய்து, மாற்று ஆளையும் தயாராக வைத்துவிடுங்கள். பதினெட்டாம் வாரம்வரை இறுதிப் போட்டி நீளும் லீக் என்றால் இன்னும் ஒரு கவனம்: பிளே ஆஃப் இடம் உறுதியான அணிகள் அந்த வாரம் முதலில் உட்கார வைப்பது மூத்தவர்களைத்தான்.